எனாமல் தொட்டியில் இரண்டு கால்கள்

பல்கலைக்கழகத்திலிருந்து எங்கள் கல்லூரியை ஆய்வு செய்ய வந்த பேராசிரியர், தாவரவியல் ஆய்வகத்தின் நடுவில், பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய கால்கள் இரண்டும் நாங்கள் பாசி ஊறப்போடும் எனாமல் தொட்டிக்குள் இருந்தன. உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். நான் பானைத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன்.

வாசலில் செருப்புக் கடை காதர் பாய் நின்றிருந்தார். அவர் கையில் ஒரு ஜோடி புதுச் செருப்பு. அவரும் வெறுங்காலோடுதான் நின்றிருந்தார்.

எங்கள் முதல்வர் மெல்ல என் காதருகே குனிந்தார். "ஏம்மா, அந்தத் தொட்டிய கழுவுனீயளா?"

கழுவினோமா என்று இன்றுவரை எனக்கு ஞாபகம் வரவில்லை.

இந்த வாரம் இதைத்தான் எழுதப்போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர், "அதெல்லாம் எழுதாத, சிரிப்பாங்க" என்றார். சிரிக்கட்டுமே! சிரிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த நாளில் ஒரு பெண்ணின் படிப்பு தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் கல்லூரிக்கு எம்.எஸ்ஸி. தாவரவியல் கிடைத்தால் அவள் படிப்பாள். கிடைக்காவிட்டால் ஆம்பூரில் கல்யாணம். அந்தப் பெண் பர்வீன், செருப்போடு நின்ற காதர் பாயின் மகள்.

குரங்கு தின்ற தேர்வு

நான் அந்தக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தது எண்பத்தொன்பதில். திருவண்ணாமலையில், அடி அண்ணாமலைக்குக் கொஞ்சம் முன்னால், மலை சுற்றும் பாதையை ஒட்டி, ஓட்டுக்கூரை போட்ட சில வகுப்பறைகள். அவ்வளவுதான் கல்லூரி. நேர்காணலில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுக்காரருக்கு எங்கயாச்சும் மாத்தல் வருமா?" என்பது. வராது என்றேன். வேலை கொடுத்துவிட்டார்கள். தாவரவியலில் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

துறை என்றால் நானும் ஞானம் சாரும். ஞானம் சார் துறைத் தலைவர். தலைமை தாங்குவதற்கு அவருக்குக் கிடைத்தவள் நான் ஒருத்திதான். பாவம், மனுஷன் அதிலும் தோற்றுப்போனார். பகுதிநேர ஆராய்ச்சி என்று பதிந்துவைத்து, வருஷா வருஷம் "இந்த வருஷம் முடிச்சிடுவேம்மா" என்பார்.

ஒரு செய்முறைத் தேர்வு நாள். வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். மேசைகளின் மேல் வாழைப்பூ, கத்தரிப்பூ, வெண்டை, ஊமத்தை என்று எல்லாம் அழகாக அடுக்கிவைத்துவிட்டு, அவருக்கு டீ வாங்கிக் கொடுக்கப் போனோம். திரும்பி வந்தால் ஜன்னல் வழியாகக் குரங்குகள் இறங்கி அத்தனையும் தின்று முடித்திருந்தன. ஊமத்தையை மட்டும் தொடவில்லை.

"குரங்குக்கு இருக்கற படிப்பு கூட நம்ம பசங்களுக்கு இல்ல. போன வருஷம் ஒருத்தன் ஊமத்தையைக் கத்தரின்னு எழுதினான்" என்றார் ஞானம் சார்.

வேறு வழி? மாணவர்களை வெளியே ஓடவிட்டோம். வேலியோரம் கிடைத்ததைப் பறித்துக்கொண்டு வந்து பரீட்சை எழுதச் சொன்னோம். எல்லாரும் தெரிந்த செம்பருத்தியாகப் பார்த்துப் பறித்து வந்தார்கள். முதலாமாண்டுப் பெண் ஒருத்தி மட்டும் யாருக்கும் பெயர் தெரியாத ஒரு பொடிப் பூவோடு வந்தாள். அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வரைந்துவிட்டு, பெயர் எழுத வேண்டிய இடத்தில் "தெரியவில்லை" என்று எழுதியிருந்தாள்.

தேர்வாளர் அந்தத் தாளை என்னிடம் காட்டி, "யாரும்மா இது?" என்றார். அன்றிலிருந்துதான் நான் பர்வீனைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

பாய் கடை

தேரடிப் பக்கம் காதர் பாய்க்குச் செருப்புக் கடை. திருவண்ணாமலையில் செருப்புக் கடை வைத்திருப்பவருக்குப் பௌர்ணமி ஒரு வேடிக்கையான நாள். அன்றைக்கு ஒரு ஜோடி விற்காது. எல்லாரும் வெறுங்காலோடு மலை சுற்றுகிறவர்கள். மறுநாள் காலையில் பார்க்க வேண்டுமே! கோயில் வாசலில் விட்ட செருப்பைப் பறிகொடுத்தவர்கள் எல்லாம் கடை திறப்பதற்கு முன்பே வந்து நிற்பார்கள்.

"நம்ம யாவாரம் திருடனை நம்பி ஓடுது மேடம்" என்பார் பாய். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

ஆசிரமப் பக்கம் அறை எடுத்துத் தங்கும் வெள்ளைக்காரர்கள் ரப்பர் செருப்புக்கு அவர் கடைக்குத்தான் வருவார்கள். அவர்கள் காலுக்கு இங்கே அளவு கிடைக்காது. "இல்லை" என்பதை இங்கிலீஷில் மரியாதையாகச் சொல்ல வேண்டிய வேலை பள்ளிக்கூட நாளிலிருந்து பர்வீனுக்கு. அப்படிச் சொல்லிச் சொல்லியே அவள் பேசும் இங்கிலீஷைக் கேட்டால் எங்கள் ஆங்கிலத் துறைக்கு வியர்க்கும்.

அவள் மூன்றாம் ஆண்டு முடிக்கப்போகிற சமயம், பாய் ஆசிரியர் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"மேல படிக்கணும்ன்றா மேடம். இங்க இருந்தா படிக்கட்டும், நான் வேணாங்கல. வேலூரு, மெட்ராசுன்னு ஆஸ்டல்ல வுடறதுக்கு மட்டும் எனக்கு மனசு வரல. ஆம்பூர்ல ஒரு எடம் வந்திருக்கு. நல்ல எடம். பையனும் தங்கமானவன்."

நான் சண்டை போட்டேன். காலம் மாறிவிட்டது என்றேன், உங்கள் மகள் போல் நூறில் ஒருத்தி என்றேன், குரலை உயர்த்திக்கூடப் பேசினேன். பாய் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், "நீங்க சொல்றது வாஸ்தவம்தான் மேடம். ஆனா இங்க இருந்தாத்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு எரிச்சலான எரிச்சல்! அந்த ஆம்பூர்ப் பையனாவது மோசமானவனாக இருக்கக் கூடாதா? திட்டவாவது வசதியாக இருந்திருக்கும்.

ஊருக்கே தெரிந்த தேதி

எம்.எஸ்ஸி. கேட்டு நாங்கள் போட்ட மனு அந்த வருஷம்தான் ஒரு வழியாக நகர்ந்தது. ஆய்வுக்கு ஆள் அனுப்புகிறோம், தேதி சொல்லுங்கள் என்று பல்கலைக்கழகம் கேட்டிருந்தது.

எங்கள் முதல்வர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நேர்மையான மனிதர், ஆனால் அலுவலக நாட்காட்டியைத் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டார். அதில் பௌர்ணமி போட்டிருக்காது. ஆசிரியர் கூட்டத்தில் தேதியை அறிவித்தார். அறையில் இருந்த அத்தனை பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"சித்ரா பௌர்ணமி. மனுஷன் நாள் பார்த்துத்தான் வெச்சிருக்காரு" என்று ஞானம் சார் என் காதில் கிசுகிசுத்தார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர், நல்ல காரியத்துக்கு நல்ல நாள் வைத்திருக்கிறார் என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். இந்த ஊரில் பௌர்ணமி என்றைக்கு என்று பால்காரரிடம் கேட்டாலும் சொல்வார். அதனால் ஒருவர் அது தெரியாமல் இருக்க முடியும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. அட, ஒருத்தராவது வாயைத் திறந்திருக்கலாம்!

அன்று காலை கல்லூரி வாசலில் கோலம், மாவிலைத் தோரணம், ஆய்வகத்தில் ஃபினாயில் வாசனை. பர்வீன் விடிந்ததும் விடியாததுமாக வந்து மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெளியே பாதையில் சனம் சாரிசாரியாகப் போய்க்கொண்டிருந்தது. பம்பை சத்தம், கற்பூர வாசனை, புளிசாதம் போடும் பந்தலிலிருந்து ஒலிபெருக்கி.

முதல்வர் அறையில் தொலைபேசி அடித்தது. வந்திருக்கும் பேராசிரியர், காஞ்சி ரோடு முனையில் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினார். போலீஸ் காரை நிறுத்திவிட்டார்களாம். இதற்கு மேல் வண்டி போகாதாம்.

முதல்வர் போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "எங்க ஊர்ல சித்ரா பௌர்ணமின்னா சாயங்காலம் சித்ரான்னத்த கட்டிக்கிட்டு ஆத்தங்கரைக்குப் போவோம். அவ்வளவுதான்! இங்க ரோட்டையே அடைப்பாகன்னு ஒருத்தராச்சும் சொல்லப்படாதா?"

"நீங்க தெரிஞ்சுதான் வெச்சீங்கன்னு..." என்று ஞானம் சார் இழுத்தார்.

"எல்லாருமா அப்படி நெனச்சீய?"

"எல்லாரும்தான் சார்."

முதல்வர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க இந்த ஊர்க்காரி. போயி கூட்டியாந்துருங்கம்மா" என்றார். நான் கிளம்பினேன். "நானும் வர்றேன் மேடம்" என்று பர்வீன் கூடவே ஓடிவந்தாள். வராமல் எப்படி இருப்பாள், அவள் விஷயம் அல்லவா?

எதிர்ல வுட மாட்டோம்

கல்லூரியிலிருந்து காஞ்சி ரோடு முனைக்கு முக்கால் மணி நேர நடை. சனத்தோடு சனமாகப் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

பேராசிரியர் சதாசிவம் அம்பாசிடர் கார் பக்கத்தில் நின்றிருந்தார். ஒல்லியான மனிதர், கட்டம் போட்ட சட்டை, பளபளவென்று ஷூ. குழுவில் வர வேண்டிய இன்னொருவருக்கு உடம்பு சரியில்லையாம். கூட வந்த அலுவலக உதவியாளர் கோப்புகளைக் கட்டிக்கொண்டு காருக்குள் தூங்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார், முக்கால் மணி நேரத்துல போயிடலாம்" என்று சொல்லித் திரும்பினேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாதை முழுக்க முகங்கள். அத்தனை முகமும் எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தன. மலையை யாரும் எதிர்த்திசையில் சுற்ற மாட்டார்கள். போகும்போது கூட்டத்தோடு போனதால் திரும்பி வர வழியில்லை என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

"யம்மா, எங்க எதிர்ல போற?" என்று ஒரு போலீஸ்காரர் லத்தியைக் குறுக்கே நீட்டினார்.

"சார் யுனிவர்சிட்டியிலேர்ந்து வந்திருக்காருங்க. காலேஜுக்குப் போகணும்."

"கவர்னரா இருந்தாலும் எதிர்ல வுட மாட்டோம். நசுங்கிடுவீங்க. சுத்திக்கினு போங்க."

"வரப்பு வழியா போலாம் சார். ஆனா முள்ளு ஜாஸ்தி" என்றாள் பர்வீன்.

பேராசிரியர் மலையைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து ஷூவைக் கழற்றினார். சாக்ஸை மடித்து அதற்குள் வைத்து, காருக்குள் போட்டார்.

"ரொம்ப வருஷமா வரணும் வரணும்னு நெனச்சிட்டே இருந்தேன். இன்னைக்கு அவனே ரோட்டை அடைச்சிட்டான். சுத்தியே போயிடலாம்மா."

"சார், ஊருக்குள்ள போயி, செங்கம் ரோட்டைப் பிடிச்சு, மலை முழுக்க சுத்தணும் சார்! மத்தியானம் ஆயிடும்."

"ஆய்வுன்னா எப்படியும் ஒரு நாள்தானே?"

சித்திரை வெயில். இந்த வயசில் இவர் வெறுங்காலோடு நடந்து, கால் வெந்து, அந்தக் கடுப்பில் ஆய்வகத்துக்குள் நுழைந்தால் எங்கள் எம்.எஸ்ஸி. என்னவாகும்? நானும் செருப்பைக் கழற்றிக் காரில் போட்டேன். பர்வீனும் போட்டாள்.

"நீ ஏம்மா கழட்டற? நீ போட்டுக்கோயேன்."

"எல்லாரும் வெறுங்கால்ல போறப்ப நான் மட்டும் டக்கு டக்குன்னு நடந்தா நல்லாவா இருக்கும்? நம்ம ஊரு ரோடுதானே மேடம்."

நடக்க நடக்கப் பேராசிரியர் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். நூலகத்தில் என்னென்ன புத்தகம், எத்தனை நுண்ணோக்கி, மாணவர்களை வெளியே களப்பணிக்குக் கூட்டிப்போவீர்களா? நான் எல்லாவற்றையும் கொஞ்சம் ஊதிப் பெருக்கித்தான் சொன்னேன். சும்மா சொல்லக் கூடாது, அதில் எனக்குத் திறமை உண்டு.

ஒரு பாறை இடுக்கில் சின்னப் புதர் ஒன்றைக் காட்டி பர்வீனிடம், "இது என்னம்மா?" என்றார்.

எனக்கும் தெரியவில்லை. ஏதாவது ஒரு பேரைச் சொல்லித் தொலையேன்டி என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"தெரியல சார்" என்றாள் பர்வீன், கொஞ்சமும் கூசாமல். "போன மழைக்குப் பின்னால பூத்திருந்தது. அப்பவும் பேரு கண்டுபிடிக்க முடியல."

போச்சு என்று நினைத்தேன். பேராசிரியர் ஒரு குச்சியை ஒடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "எனக்கும் தெரியல" என்றார்.

கையில் செருப்பு

ஊருக்குள் நுழையும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. லாரியில் தண்ணீர் தெளித்துக்கொண்டு போனார்கள். தெளித்த தடம் காய்வதற்குள் அதன் மேலேயே ஓடினோம். தார் இளகி நின்றது. பேராசிரியர் விளிம்புக் காலால் தத்தித் தத்தி நடந்தார். நான் மட்டும் என்ன, பரதநாட்டியம்தான்.

தேரடி தாண்டும்போது, "அத்தா!" என்று பர்வீன் குரல் கொடுத்தாள்.

காதர் பாய் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். மகள் வெறுங்காலோடு நிற்கிறாள், மகளின் வாத்தியாரம்மா நொண்டுகிறாள், பக்கத்தில் யாரோ பெரிய மனிதர் கால் வைக்க முடியாமல் நிற்கிறார். மனுஷன் பதறிப்போய் இறங்கி வந்தார்.

"இன்னா மேடம் இது? யாரு சார் இவரு?"

சொன்னேன். பாய் உள்ளே ஓடி, பேராசிரியர் காலுக்குப் பொருத்தமாக ஒரு ஜோடி எடுத்து வந்து, காலடியிலேயே வைத்தார்.

"ரொம்ப நன்றி பாய். சுத்தி முடிக்கற வரைக்கும் போடறதில்ல" என்றார் பேராசிரியர்.

"கால் வெந்துடும் சார்!"

"வேகட்டும். பாதியில நிறுத்த மாட்டேன்."

பாய் அவரையே பார்த்தார். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். கடைக்குப் போய்த் தன் செருப்பைக் கழற்றி உள்ளே தள்ளிவிட்டு, ஷட்டரை இழுத்து மூடி, எங்களோடு நடக்க ஆரம்பித்தார்.

"கடையை மூடிட்டீங்களே பாய்?"

"இன்னிக்கி யாரு வாங்கப் போறாங்க மேடம்? நமக்கு யாவாரம் நாளைக்கித்தானே."

எனக்கு இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. ஆய்வுக்கு வந்தவருக்கு மாணவியின் அப்பா இலவசமாகச் செருப்பு கொடுத்தார் என்று யாராவது எழுதிப்போட்டால்? "பாய், காசு வாங்கிடுங்க. இல்லன்னா லஞ்சம்னு ஆயிடும்" என்று கிசுகிசுத்தேன்.

"மொதல்ல அவரு போடட்டும் மேடம்" என்றார் பாய்.

செங்கம் ரோட்டில் ஆசிரமப் பக்கம் வந்ததும் மரநிழல் கிடைத்தது. பாய் கடை வாடிக்கையான ஒரு வெள்ளைக்காரம்மா, பர்வீனைப் பார்த்துக் கையாட்டிவிட்டு, பாய் கையிலிருந்த செருப்பையும் அவருடைய வெறுங்காலையும் மாறி மாறிப் பார்த்தாள். பாய் அவளுக்கு ஒரு சலாம் வைத்தார்.

ஆய்வகத்தில்

இப்படித்தான் அந்தக் கால்கள் எங்கள் எனாமல் தொட்டிக்கு வந்து சேர்ந்தன.

உட்கார்ந்த இடத்திலேயே ஆய்வு தொடங்கிவிட்டது. நுண்ணோக்கிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவரச் சொன்னார். கண்ணை வைத்துப் பார்த்தார். "இதுல பூஞ்சை பிடிச்சிருக்கு. இதுல கீறல். இது பரவாயில்ல." வழியில் நான் ஊதிய ஊதலெல்லாம் ஒவ்வொன்றாகச் சுருங்கியது. புத்தக அலமாரியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது இன்னும் மோசமாக இருந்தது.

பிறகு சட்டைப் பையில் இருந்த குச்சியை எடுத்தார். துவண்டுபோயிருந்தது. தன் காலடித் தண்ணீரிலேயே அதைப் போட்டுவிட்டு, "ஃப்ளோரா இருக்கா?" என்று கேட்டார். செடிகளை இனம் கண்டுபிடிக்க உதவும் தடித்த புத்தகம் அது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பழைய பிரதி. பர்வீன் அதை மடியில் வைத்துக்கொண்டு எதிரே முக்காலியில் உட்கார்ந்தாள். அவள் ஒவ்வொரு அடையாளமாகப் படிக்க, அவர் செடியைப் பார்த்துப் பதில் சொல்ல, அப்படியே போய்க்கொண்டிருந்தது.

"இலை எதிரெதிர்" என்றார் பேராசிரியர்.

"இல்ல சார். மாறி மாறி இருக்கு."

"எதிரெதிரம்மா."

"சார், நீங்க கண்ணாடி போடாம பாக்கறீங்க. தோ பாருங்க, ஒரு கணுவுக்கு ஒரு இலைதான் இருக்கு."

அறையில் யார் முகத்திலும் ஈயாடவில்லை. முதல்வர் கண்ணை மூடிக்கொண்டார். ஞானம் சார் என் புடவைத் தலைப்பைப் பிடிக்காத குறை.

பேராசிரியர் பையில் துழாவிக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, குச்சியைக் கண்ணருகே கொண்டுபோனார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆமா. மாறி மாறித்தான். தப்பா சொல்லிட்டேன். மொதல்லேர்ந்து வாம்மா."

இரண்டு பேரும் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்கள். தண்ணீர் வெதுவெதுவென்று ஆகிப்போனதுகூட அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் குடும்பம் கண்டுபிடித்தார்கள், பேரினம் கண்டுபிடித்தார்கள், அதற்கு மேல் பூ வேண்டும் என்று நின்றுவிட்டார்கள். பர்வீன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெருநாளுக்குப் புதுத்துணி கட்டினதுபோல இருந்தது.

பாய் வாசலை விட்டு நகரவே இல்லை. அவர்கள் படித்த இங்கிலீஷில் ஒரு வார்த்தை அவருக்குப் புரிந்திருக்காது. என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"மேடம், எம் பொண்ணு அவரையே தப்புன்னு சொல்லிச்சே. கோவிச்சுக்கலியே?"

"இல்ல பாய். தன் தப்பை அவரே ஒத்துக்கிட்டாரு."

பாய் செருப்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

காஞ்சி ரோடு முனையில்

கார் நிற்பது காஞ்சி ரோடு முனையில். அங்கே போய்ச் சேர்ந்தால்தான் அவருக்குச் சுற்று முடியும். கொப்புளக் காலோடு மறுபடியும் நடந்தார். வெயில் இறங்கிவிட்டதால் தரை பரவாயில்லை. மலைக்குப் பின்னால் வெளிச்சம் கட்டியிருந்தது, நிலா இன்னும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நானும் பர்வீனும் பாயும் பின்னாலேயே போனோம்.

காரருகே போனதும் பாய் செருப்பைக் கீழே வைத்தார். பேராசிரியர் போட்டுக்கொண்டு, இரண்டடி நடந்து பார்த்து, "அப்பாடா!" என்றார். விலை கேட்டார். பாய் வேண்டாம் என்றார். "அப்ப கழட்டிடறேன்" என்றதும் பாய் வாங்கிக்கொண்டார். எனக்கு உயிர் வந்தது.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. "சார், எங்களுக்குக் கிடைச்சிடும் இல்ல?" என்று கேட்டேவிட்டேன்.

"இருக்கறதை எழுதுவேம்மா" என்றார். அவ்வளவுதான். பிறகு பாய் பக்கம் திரும்பினார். நடந்து வந்த வழியில் பாயே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார் போலும்.

"பாய், இங்க கிடைக்கலேன்னா?"

இந்தக் கேள்வியை நான் ஒருநாளும் கேட்டதில்லை. காட்டுக் கத்தலாகக் கத்தியிருக்கிறேன், இதைக் கேட்கவில்லை.

"ஆம்பூர்ல ஒரு எடம்..." என்று பாய் ஆரம்பித்தார். நின்றார். எங்களைச் சுற்றிச் சனம் போய்க்கொண்டே இருந்தது. பர்வீன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கிடைக்கலேன்னா, வேலூருக்குத்தான் அனுப்பணும் சார்" என்றார் பாய்.

"அவசரமில்ல. யோசிச்சு சொல்லுங்க."

"யோசிச்சிட்டேன் சார். வாசல்ல நின்னுக்கினே யோசிச்சிட்டேன்."

பர்வீன் என் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் என் வளையல் ஒன்று உடைந்துபோனது. நான் அழுதுவிட்டேன்.

பிறகு

எங்களுக்கு எம்.எஸ்ஸி. கிடைக்கவில்லை.

பேராசிரியர் இருப்பதை இருப்பதுபோலவே எழுதிவிட்டார். நுண்ணோக்கி போதாது, புத்தகம் போதாது, ஆசிரியர் போதாது. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. "அந்த மனுஷன் காலுக்குத் தண்ணி ஊத்தினவ நானு!" என்று ஆசிரியர் அறை அதிரக் கத்தினேன். முதல்வர் மட்டும் நிதானமாக அந்தக் கடிதத்தைத் தன் அறைச் சுவரில் ஒட்டினார். "என்னென்ன இல்லைன்னு அவரே எழுதித் தந்துட்டாரு. ஒண்ணொண்ணா வாங்கிருவோம்" என்றார்.

வாங்கினோம். ஓட்டுக்கூரை போய் மாடி வந்தது. ஜன்னலுக்கெல்லாம் குரங்குக்குப் பயந்து வலை அடித்தோம். ஞானம் சார் "இந்த வருஷம்" என்று சொன்ன ஒரு வருஷத்தில் நிஜமாகவே முடித்து டாக்டர் ஆனார். அன்று அவர் வாங்கிவந்த மைசூர்பாகை நான்தான் முதலில் எடுத்தேன்.

பர்வீன் வேலூர் போனாள். பாய்க்கு முதல் மாசம் இருப்புக்கொள்ளவில்லை. செருப்பு பிய்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விடுவார், ஒவ்வொரு தடவையும் ஒரு புது ஜோடியோடு. அவள் விடுதித் தோழிகளில் பாதிப் பேர் பாய் கடைச் செருப்பில்தான் நடந்தார்களாம். அவள் அங்கே தங்கப் பதக்கம் வாங்கினாள். பிறகு இந்த மலையின் செடிகளையே எடுத்துக்கொண்டு முனைவர் பட்டமும் வாங்கினாள். எனக்கு இல்லாத பட்டம். பொறாமை இல்லையா என்றால், இருந்தது. ஒரு வாரம் இருந்தது.

இரண்டாயிரம் பிறந்த பிறகு நாங்கள் மறுபடியும் மனு போட்டோம். இம்முறை தேதி வைப்பதற்கு முன், "பௌர்ணமி இல்லையே? அமாவாசை? பிரதோஷம்?" என்று முதல்வர் பியூன் வரைக்கும் கூப்பிட்டு விசாரித்தார். எம்.எஸ்ஸி. கிடைத்தது. அதற்குப் பாடம் எடுக்க வந்து சேர்ந்தவர்களில் ஒருத்தி டாக்டர் பர்வீன்.

முதல் சேர்க்கை நாள். மேசைக்கு அந்தப் பக்கம் நானும் பர்வீனும். செங்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் தோளில் துண்டோடு மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு நல்ல மதிப்பெண். பர்வீன் சான்றிதழ்களைச் சரிபார்த்து, பெயரை எழுதி முடித்துவிட்டாள். பாக்கி இருந்தது அப்பாவின் கையெழுத்துதான்.

"இங்க இருக்கங்காட்டிதான் மேடம் சேக்கறேன்" என்றார் அவர். "வேலூரு கீலூருன்னா நான் அனுப்பவே மாட்டேன்."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

பர்வீன் நீட்டிய பேனாவைத் திரும்ப இழுத்துக்கொண்டாள். "இங்க கிடைக்கலேன்னாங்க?"

"கிடைச்சிடுச்சுன்னுதானே மேடம் வந்தோம்?"

"கிடைக்கலேன்னா இன்னா பண்ணுவீங்கன்னு கேக்கறேன். அவசரமில்ல, யோசிச்சு சொல்லுங்க. இன்னொரு நாளைக்கி இவ ஆராய்ச்சி பண்ணணும்னு எங்கயாச்சும் போகணும்னாலும் இதே கேள்விதான் வரும்."

நான் குனிந்து எதையோ தேடுவதுபோல மேசைக்கு அடியில் பார்த்தேன். அங்கே பர்வீனின் கால்களில் இருந்தது பாய் கடைச் செருப்பு.

அந்த அப்பா மகளைப் பார்த்தார். மகள் நிமிரவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடைசியில் சொன்னார்.

"கிடைக்கலேன்னா, வேலூருக்குத்தான் அனுப்பணும். வேற இன்னா பண்றது?"

பர்வீன் பேனாவை நீட்டினாள்.

"கிடைச்சிடுச்சுங்க. கையெழுத்து போடுங்க."